வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் பூச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் நாற்பது தொட்டிகளும் பைகளும் இருக்கின்றன. பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பந்தலில் அவரை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காய்கறி வளர்க்கிறேன். புதிதாகத் தோட்டம் போட்ட உறவினர்களும் அண்டை வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய பதில்கள் இவை. மலைப்பகுதித் தோட்டங்களில் காலமும் பூச்சியும் வேறுபடும்.

செடியில் பூச்சி வந்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பூச்சி எது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. புழுவைக் கொல்லும் மருந்து மாவுப்பூச்சியை ஒன்றும் செய்யாது. அசுவினிக்குப் போதுமான சோப்புத் தண்ணீர், காய்க்குள் இருக்கும் புழுவின் பக்கமே போகாது. மிளகாய் இலையைச் சுருட்டும் சிலந்தியோ பூச்சி இனமே அல்ல. அதற்கு எட்டுக் கால்.

ஆகவே மருந்தை எடுக்கும் முன் இலையைத் திருப்புங்கள். முட்டை, குஞ்சு, கூட்டுப்புழு, வெள்ளை ஈ, அசுவினி எல்லாம் வெயிலும் மழையும் படாத அடிப்பக்கத்தில்தான் குடியிருக்கும். மேலே நின்று பார்ப்பவருக்கு ஒரு மாதத்துக்குப் பின் தெரிவது, இலையைத் திருப்பிப் பார்ப்பவருக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிடும். தண்ணீர் ஊற்றும்போது தொட்டிக்கு இரண்டு இலை திருப்பினால் போதும். நாற்பது தொட்டிக்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகிறது.

பூச்சியே கண்ணில் படவில்லை, சேதம் மட்டும் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

சேதமே பெயரைச் சொல்லும். இலையில் ஓட்டை, ஓரம் கடித்த தடம், கறுப்பு மணல் போன்ற எச்சம் இருந்தால் புழு அல்லது வண்டு. இலை சல்லடையாகி நரம்பு மட்டும் மிஞ்சினால் கத்தரிப் புள்ளி வண்டு. இலை சுருண்டு, வெளிறி, பிசுபிசுப்பாக இருந்தால் சாறு உறிஞ்சும் கூட்டம். வெண்டை இலையின் ஓரம் மஞ்சளாகி, பிறகு தீய்ந்ததுபோல மடங்கினால் தத்துப்பூச்சி. இலையைத் தொட்டதும் பக்கவாட்டில் நடந்து ஒளியும். நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால் தண்டுக்குள் புழு. நாற்றின் தண்டு மண்ணோடு ஒட்ட வெட்டப்பட்டுக் கிடந்தால் வெட்டுப்புழு. காலையில் அந்தத் தொட்டியின் மேல்மண்ணை விரலால் கிளறினால் சுருண்டு கிடக்கும்.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு டார்ச் விளக்கோடு மாடிக்குப் போய்ப் பாருங்கள். பகலில் தெரியாத பாதிப் பேரை அங்கே சந்திக்கலாம்.

அவரைப் பிஞ்சிலும் தட்டைப்பயறுக் கொழுந்திலும் கறுப்பாக மொய்த்திருக்கிறது. என்ன செய்வது?

அது அசுவினி. மார்கழி, தை மாதங்களின் மேகமூட்டமான, குளிர்ந்த நாட்களில் திடீரென்று பெருகும். பெண் அசுவினி இணை சேராமலேயே, முட்டையும் இடாமல், நேரடியாகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். நேற்று நான்கு இருந்தது இன்று நானூறானது எப்படி என்று வியப்பவர்களுக்கு இதுதான் காரணம்.

மொய்த்த நுனியைக் கிள்ளி ஒரு டப்பாவில் போட்டு அகற்றுங்கள். மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். கீழே விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை மறுபடி ஏறி வருவதில்லை. இரண்டு நாள் கழித்தும் இருந்தால் சோப்புத் தண்ணீர்: லிட்டருக்கு ஐந்து கிராம் சாதாரண பார் சோப்பு, சீவிக் கரைத்து. துணிக்குப் போடும் சலவைத்தூள் வேண்டாம், இலை கருகும். சோப்பு பூச்சியின் மேல் பட்டால்தான் கொல்லும்; காய்ந்துவிட்டால் அதற்குச் சக்தி இல்லை. அதனால் அடிப்பக்கம் நன்றாக நனைய வேண்டும்.

எங்கள் பாட்டி அடுப்புச் சாம்பலைச் சலித்து, பனி ஈரம் காயும் முன் அவரைப் பந்தலில் தூவுவார். விறகுச் சாம்பல் கிடைக்கிறவர்கள் இன்றும் அதைச் செய்யலாம், மென்மையான உடல்கொண்ட பூச்சிகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் தொட்டி மண்ணில் வாரம்தோறும் கொட்டாதீர்கள். சாம்பல் காரத்தன்மை உடையது, சிறிய தொட்டியில் மண்ணின் தன்மை கெட்டுவிடும்.

செடியில் எறும்பு ஊர்கிறது. எறும்புப் பொடி போடலாமா?

வேண்டாம். அது உண்ணும் செடிக்கானது அல்ல. எறும்பு இலையைத் தின்ன வரவில்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக வருகிறது. அதற்குக் கைம்மாறாக அவற்றைக் காவல் காக்கும், அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும், குஞ்சுகளைப் புதிய கிளைக்குத் தூக்கிக்கொண்டு போகும். எறும்பு வரிசை ஏறும் செடியின் உச்சியில் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். வரிசையைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள், ஆள் அகப்படுவார். தொட்டியைத் தண்ணீர் நிறைந்த தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றிவிட்டால் எறும்பின் பாதை அறுந்துவிடும்; தண்ணீரை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு வளரும்.

புள்ளி வண்டு நல்லதா, கெட்டதா?

இரண்டும் உண்டு. இந்தக் குழப்பத்தால் நடக்கும் கொலைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்காது. தோட்டம் தொடங்கிய ஆண்டில், முதலை வடிவில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஓடித்திரிந்த சிறு புழுக்களை ஒரு காலை முழுதும் பொறுக்கி நசுக்கினேன். அவை பொறிவண்டின் குஞ்சுகள். அந்த அவரைச் செடியின் அசுவினியை நாளுக்குப் பல பத்தாகத் தின்றுகொண்டிருந்தவை அவைதான். அடுத்த வாரம் செடி முழுக்கக் கறுத்துவிட்டது.

பொறிவண்டு பளபளவென்று மெருகு போட்டதுபோல இருக்கும். அசுவினி இருக்கும் இடத்தில் இருக்கும், சுறுசுறுப்பாக ஓடும். கத்தரியைத் தின்னும் புள்ளி வண்டு மங்கிய செம்பழுப்பு நிறம். உற்றுப் பார்த்தால் முதுகில் மெல்லிய ரோமம் தெரியும். சிலவற்றுக்கு 12 புள்ளி, சிலவற்றுக்கு 28. மெதுவாக நகரும், தொட்டால் கீழே விழுந்து செத்ததுபோல நடிக்கும். அதன் குஞ்சு மஞ்சள் நிறத்தில், உடல் முழுக்க முள்ளாக, இலையின் அடியில் அசையாமல் சுரண்டிக்கொண்டிருக்கும். வண்டைப் பார்த்துத் தெரியவில்லை என்றால் இலையைப் பாருங்கள்: பச்சையம் சுரண்டப்பட்டுக் கண்ணாடிபோல ஆகியிருந்தால் வேண்டாதவர்.

கத்தரி வண்டைக் காலையில் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டாலே போதும். பத்துச் செடி உள்ள தோட்டத்தில் இதற்கு எந்த மருந்தும் தேவையில்லை.

வேறு எதையெல்லாம் கொல்லாமல் விட வேண்டும்?

சிலந்தி (மிளகாய் இலையைச் சுருட்டும் நுண்ணிய சிலந்தி அல்ல, நாம் வீட்டில் பார்ப்பது), தட்டான், கும்பிடுபூச்சி, குளவி. இலையின் அடியில் மெல்லிய இழையின் நுனியில் ஒற்றை வெள்ளை முட்டை நின்றால் அது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. அதன் குஞ்சும் அசுவினி தின்னி. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பிப் பழுப்பாகக் காய்ந்திருந்தால், ஒரு சின்னக் குளவி அவற்றுக்குள் முட்டையிட்டு வளர்ந்திருக்கிறது. புழுவின் முதுகில் அரிசிக் குருணைபோல வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தால் அதுவும் குளவிதான். அந்தப் புழு இனி பிழைக்காது, அதிலிருந்து வெளிவரும் குளவிகள் உங்களுக்காக வேலை செய்யும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பல்லி, ஓணான், தையல்சிட்டு, கரிச்சான். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குருவிகள் வரும்.

பப்பாளியிலும் செம்பருத்தியிலும் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருப்பது பூஞ்சையா?

மாவுப்பூச்சி. வெள்ளை என்பது அதன் மேலுள்ள மெழுகுத்தூள். தண்ணீரும் மருந்தும் வழுக்கி ஓடிவிடுவது இந்த மெழுகினால்தான், அதனால் தெளிப்பது மட்டும் போதாது. பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடுங்கள். பிறகு வேப்பெண்ணெய்க் கரைசலை அடியுங்கள் (கலக்கும் முறை பின்னால் இருக்கிறது). வெயில் காலத்தில் பெருகும், மழை பிடித்தால் குறையும். மொய்த்த கிளையை வெட்டினால் மாடியிலிருந்து கீழே எறியாதீர்கள், அடுத்த வீட்டுச் செம்பருத்தி அங்கேதான் இருக்கும்.

இந்தப் பூச்சியின் கதை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் கண்டறியப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் மேற்கு மாவட்டங்களின் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. உழவர்கள் அடித்த மருந்துக்கு அது அடங்கவில்லை. 2010-ல் பெங்களூரு ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, கடுகைவிடச் சிறிய குளவியைப் பெருக்கி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களிடம் கொண்டுசேர்த்தது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும் அந்தக் குளவி, மருந்துகளால் முடியாததைச் செய்து முடித்தது. அந்தக் குளவியின் வழித்தோன்றல்கள் இன்று நம் தோட்டங்களிலும் இருக்கின்றன. கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லும் மருந்தை அடித்தால் முதலில் சாவது அவைதான்.

இன்னொரு எச்சரிக்கை: மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் சற்றுப் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு இழைகளோடு, வேகமாக நகரும் ஒன்று தெரிந்தால் அதைத் தேய்க்காதீர்கள். அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் குஞ்சு, மாவுப்பூச்சியை உண்பதற்காக அதன் வேடத்திலேயே திரிகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம்.

மிளகாய் இலை சுருண்டுவிட்டது. என்ன குறை?

எந்தப் பக்கம் சுருண்டது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து படகுபோல ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை குறுகினால் மஞ்சள் சிலந்தி. செடி முழுக்கக் குட்டையாகி, சின்னச் சின்ன இலைகளாகக் கொத்தாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி (வைரஸ்).

இலைப்பேனை உறுதி செய்ய, நுனியை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். சின்னக் கீற்றுகளாக ஓடும். பூவுக்குள்ளும் பாருங்கள். 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களைச் சூறையாடிய புதிய கறுப்பு இலைப்பேன் பூவில்தான் ஒளிந்திருந்தது. வறண்ட வெயிலில் இலைப்பேன் பெருகும். ஆகவே கோடையில் காலையில் இலைகளின் அடியில் தண்ணீர் தெளிப்பதும், மிளகாய்த் தொட்டியை மதிய வெயில் குறைந்த இடத்துக்கு நகர்த்துவதும் பாதி வைத்தியம். சுருண்ட நுனிகளை வெட்டிவிட்டு, வாரம் ஒருமுறை என மூன்று வாரம் வேப்பெண்ணெய் அடியுங்கள். சிலந்திக்கு, தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத்தூள் கேட்கும், ஆனால் கடும் வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது.

சுருண்ட இலை மீண்டும் விரியாது. புதிதாக வரும் துளிர் நேராக இருக்கிறதா என்பதே குணமானதற்கு அடையாளம்.

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. உரம் போதவில்லையா?

நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது உரக்குறை இல்லை. மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிறது. இதற்கு மருந்து இல்லை. பிடுங்கிவிடுங்கள். ஒரே செடிதானே, இரண்டு காய் இருக்கிறதே என்று தயங்கினால், அதைக் குடித்த வெள்ளை ஈ மற்றச் செடிகளுக்கும் கொண்டுபோகும். கோடையில் விதைத்த வெண்டையில் இது அதிகம். அர்கா அனாமிகா போன்ற ரகங்கள் இந்த நோயைத் தாங்குவதற்காகவே உருவாக்கப்பட்டவை, விதை வாங்கும்போது கேட்டுப் பாருங்கள்.

மஞ்சள் அட்டை கட்டினால் போதுமா?

வெள்ளை ஈ, இறக்கை முளைத்த அசுவினி, தத்துப்பூச்சி, இலைத்துளைப்பான் ஈ ஆகியவற்றை மஞ்சள் நிறம் இழுக்கும், இலைப்பேனுக்கு நீலம். மஞ்சள் டப்பாவில் விளக்கெண்ணெய் தடவி வைத்தாலும் ஒட்டும். ஆனால் அட்டை தடுப்பது கொஞ்சம், சொல்வது அதிகம். எந்தப் பூச்சி வரத் தொடங்கியிருக்கிறது என்று அது முன்கூட்டியே தெரிவிக்கும். செடியின் உச்சி உயரத்தில் கட்டுங்கள். தேனீயோ பொறிவண்டோ நிறைய ஒட்டினால் கழற்றிவிடுங்கள்.

கத்தரிக்காயை அறுத்தால் உள்ளே புழு. எத்தனை முறை மருந்து அடித்தும் போகவில்லை.

போகாது. காரணம் புரிந்தால் கோபம் குறையும். கத்தரி தண்டு, காய்த்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி வெண்ணிறம், இறக்கையில் பழுப்புத் திட்டுகள். இரவில் வந்து இலையிலும் தண்டிலும் காயின் காம்புப்பகுதியிலும் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவந்த புழு சில மணி நேரத்துக்குள் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். நுழைந்த துளை தன் எச்சத்தாலேயே அடைபட்டுத் தழும்பாகிவிடும். நாம் காயில் பார்க்கும் பெரிய ஓட்டை, அது தின்று முடித்து வெளியேறிய ஓட்டை. அதைப் பார்த்துவிட்டு மருந்து அடிக்கிறோம். புழுவோ அதற்குள் சருகிலும் மண்ணிலும் கூட்டுப்புழுவாகிவிட்டது.

ஆகவே தடுக்கும் இடம் காய் அல்ல, குருத்து. காய் பிடிக்கும் முன்பே, ஒரு நுனி மட்டும் வாடித் தொங்குகிறதா என்று தினமும் பாருங்கள். மாலையிலும் வாடியே இருந்தால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டி, தண்டைப் பிளந்து புழு இருப்பதை உறுதி செய்துகொண்டு நசுக்குங்கள். வெட்டிய நுனியைச் செடியடியில் போட்டால் வெட்டாததற்குச் சமம். துளை விழுந்த காயையும் அன்றே எடுத்துவிடுங்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றுங்கள், கூடு அங்கேதான். இதை ஒரு பருவம் விடாமல் செய்ததில், எங்கள் ஆறு கத்தரிச் செடிகளில் பத்துக் காயில் ஏழெட்டு நல்லதாகக் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டு பாதிகூடத் தேறவில்லை.

பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கடைகளில் கிடைக்கிறது. அதில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டும். ஏக்கர் கணக்கில் வைத்தால் இனப்பெருக்கம் குறையும். ஆறு செடிக்கு ஒரு பொறி வைத்தால் பூச்சி வந்துவிட்டது என்ற செய்திதான் கிடைக்கும். அதைவிட நைலான் வலை சிறந்தது. கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கும் செடி. வலைக்குள்ளும் காய் பிடிக்கும், காலையில் செடியை லேசாக உலுக்கிவிட்டால் போதும். பாகல், பூசணிக்கு இப்படி வலை போட்டால் நீங்கள்தான் தேனீ வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

பாகல், புடலை, பீர்க்கன் பிஞ்சிலேயே கோணி, மஞ்சளாகி விழுகிறது.

பழ ஈ. பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். துளை விழுந்த இடத்தில் பிசின்போல ஒரு துளி கசிந்திருக்கும். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளியும், காய் அழுகி விழும், புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடாகும். மருந்து உள்ளே போகாது.

பூ வாடி, பிஞ்சு விரல் நீளம் ஆனதும் காகிதப் பையோ பழைய துணிப்பையோ மாட்டிவிடுங்கள். புடலைக்கு நீளமாகத் தைத்த பை வேண்டும். நேராக வளர நுனியில் கல் கட்டுகிறவர்கள் பையின் அடியிலேயே கட்டலாம். விழுந்த காயை உரக்குழியில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்த பிறகு போடலாம். கொடியின் அடிமண்ணை வாரம் ஒருமுறை கொத்திவிட்டால் கூடுகள் வெயில் பட்டும் எறும்புக்கு இரையாகியும் அழியும். கருவாட்டுத் துண்டை நனைத்து, ஓட்டை போட்ட பாட்டிலில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரோடு தொங்கவிட்டால் ஈ வந்து விழும். நாற்றத்துக்கு வீட்டில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

தக்காளி இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடு.

இலைத்துளைப்பான் ஈயின் புழு, இலையின் இரு தோல்களுக்கு நடுவே தின்றுகொண்டே போன பாதை. அடியிலைகளில் கொஞ்சம் இருந்தால் அந்த இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். காய்ப்புக்கு ஒன்றும் ஆகாது. கோடாக இல்லாமல் பெரிய கொப்புளத் திட்டாக இருந்து, காயின் காம்படியில் ஊசித்துளைகளும் தெரிந்தால் அது வேறு: 2014-ல் மகாராஷ்டிரத்தில் முதலில் காணப்பட்ட தக்காளி ஊசிப்புழு. அந்த இலையையும் காயையும் தாமதிக்காமல் அகற்றுங்கள்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒரு புழு.

பட்டாம்பூச்சியின் புழு. பறவைகள் கொத்தாமல் இருக்க அந்த வேடம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலையிலிருந்து கொம்பு நீட்டி நாற்றம் விடும். செடி ஆளுயரம் இருந்தால் விட்டுவிடுங்கள், தின்றது இரண்டு வாரத்தில் துளிர்த்துவிடும். சின்னச் செடியென்றால் புழுவை எடுத்து அக்கம்பக்கத்து நாரத்தை அல்லது எலுமிச்சை மரத்தில் விடலாம், பெரும்பாலும் அங்கேயும் தின்னும். எங்கள் வீட்டுக் குழந்தைகள் ஒன்றை வளர்த்து, கூடு கட்டி, கறுப்பிறகில் வெள்ளைப் புள்ளிகளோடு பறந்துபோனதைப் பார்த்தார்கள்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி.

மழைக்குப் பிறகு வரும். பகலில் அடிமரத்தில் கூட்டமாகத் திரண்டிருக்கும். அதுதான் நமக்கு வாய்ப்பு. ரோமம் பட்டால் தடிப்பும் அரிப்பும் வரும், ஆகவே முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் அணிந்து, நீளமான குச்சியில் துணி சுற்றிச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அடிமரத்தில் அழுத்தித் துடைத்து வாளியில் தள்ளுங்கள். தீப்பந்தத்தால் பொசுக்குவது பழைய வழக்கம். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே, மின்கம்பியின் கீழே அதைச் செய்யாதீர்கள். ரோமம் பட்ட இடத்தைத் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை ஒட்டி இழுத்துவிட்டுக் கழுவுங்கள். மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வேப்பெண்ணெய் அடித்தேன், ஒரு பூச்சிகூடச் சாகவில்லை. ஏன்?

வேம்பிடம் உடனடிக் கொலையை எதிர்பார்க்கக் கூடாது. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோல் உரித்து வளர்வதைத் தடுக்கும், முட்டையிடுவதைக் குறைக்கும். அடித்த மறுநாள் பூச்சி அங்கேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் தின்னாது. ஒரு வாரம் கழித்துத்தான் எண்ணிக்கை குறைவது தெரியும்.

அதற்கும் பலனில்லை என்றால் கலக்கிய முறையைப் பாருங்கள். எண்ணெயும் தண்ணீரும் தானாகக் கலவாது. ஐந்து மில்லி எண்ணெயில் முதலில் சோப்புக் கரைசலைச் சில துளி விட்டுப் பால்போல ஆகும்வரை அடித்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் பாதிச் செடிக்கு வெறும் தண்ணீர், மீதிச் செடிக்குச் சுடும் எண்ணெய். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும், ஆகவே மாலை ஐந்து மணிக்கு மேல் அடியுங்கள். விளக்கேற்ற விற்கும் கலப்பு எண்ணெயை வாங்காதீர்கள். கடையில் வாங்கும் புட்டிகளில் 300, 1,500, 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று அசாடிராக்டின் அளவு அச்சிட்டிருக்கும். மூன்றுக்கும் ஒரே அளவு ஊற்ற முடியாது, புட்டியின் மேலுள்ள அளவைப் படியுங்கள்.

எண்ணெயைவிட எனக்கு வேப்பங்கொட்டைச் சாறு பிடிக்கும். வைகாசி, ஆனி மாதங்களில் மரத்தடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திச் சணல் பையில் வையுங்கள். ஐம்பது கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்பு சேர்த்து மாலையில் தெளிக்கலாம். ஓராண்டு தாண்டிய கொட்டையிலும், பூஞ்சை பிடித்த கொட்டையிலும் வீரியம் இருக்காது.

இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், ஐந்திலைக் கரைசல், புகையிலைத் தண்ணீர்: எது நல்லது?

முதலிரண்டும் விரட்டிகள். ஆடு தின்னாத இலை, கசக்கும் இலை, ஒடித்தால் பால் வரும் இலை என்று தேர்ந்து ஊறவைப்பது நம் உழவர்களின் பட்டறிவு. நொச்சியும் வேம்பும் ஆடாதொடையும் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். எருக்கும் ஊமத்தையும் மனிதருக்கும் நஞ்சு. நாளை பறிக்கப்போகும் கீரையில் அதை எதற்காகத் தெளிக்க வேண்டும்? இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் ஓரளவு பயன் தருகிறது, மழை பெய்தால் போய்விடும். முகமூடி இல்லாமல் காற்றுக்கு எதிராக அடித்தால் கண் எரியும்.

புகையிலைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். இயற்கைப் பொருள் என்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது. நிகோட்டின் தோல் வழியே உடலில் ஏறும் நஞ்சு. காய்ந்த புகையிலையில் பிழைத்திருக்கும் தேமல் நச்சுயிரி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும் ஆபத்து வேறு.

பஞ்சகவ்யம் பற்றியும் கேட்கிறார்கள். அது வளர்ச்சி ஊக்கி. பூச்சிக்காக அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பி.டி., பெவேரியா என்றெல்லாம் விற்கிறார்களே?

நல்லவை, இடம் அறிந்து பயன்படுத்தினால். பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற நுண்ணுயிரி. ஜெர்மனியின் துரிங்கியா பகுதியின் பெயரைத் தாங்கியது. இலையோடு அதைத் தின்ற அந்துப்பூச்சிப் புழு சாகும். சின்னப் புழுவாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும். சாறு உறிஞ்சிகளுக்குப் பயனில்லை. பட்டாம்பூச்சிப் புழுவும் சாகும் என்பதால் கறிவேப்பிலையில் நான் அடிப்பதில்லை. பெவேரியாவும் வெர்டிசிலியமும் பூச்சியின் உடலில் முளைத்துக் கொல்லும் பூஞ்சைகள். ஈரம் வேண்டும், மாலை வேண்டும். சித்திரை வெயிலில் அடிப்பது பணத்தை வெயிலில் காயப்போடுவதுதான். இவை உயிருள்ள பொருள்கள், வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள்.

ரசாயன மருந்தைக் கொஞ்சமாக ஒரே ஒருமுறை அடித்தால் என்ன?

புட்டியின் மேல் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. அந்தப் பயிருக்கு அனுமதி உள்ளதா, அடித்தபின் எத்தனை நாள் காத்திருந்து பறிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். வெண்டையும் கத்தரியும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறிக்கிற காய்கள். காத்திருக்க வேண்டிய நாட்களில் பறித்த காயை யாருக்குச் சமைத்துக் கொடுப்பீர்கள்? மோனோகுரோட்டோபாஸ் காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. அதன் பிறகும் உழவர் வைத்திருந்த மிச்சத்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வாங்கி வந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். எந்த மருந்தையும் குடிக்கும் பொருளின் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய பூச்சிப் பிரச்சினை எதுவும் இல்லை.

வீட்டுக்குள் கரப்பானுக்கு அடிக்கும் புட்டியும் காய்கறிச் செடிக்கு ஆகாது. என் தோட்டத்தில் ரசாயனம் இல்லை. நாற்பது தொட்டிக்கு இரண்டு கையும் ஒரு வாளியும் போதும் என்பது என் துணிபு.

நடும்போதே செய்யக்கூடியது ஏதாவது?

தக்காளிக்குப் பக்கத்தில் துலுக்கச் சாமந்தி. காய்ப்புழுவின் தாய் அதன் மொட்டில் முட்டையிட விரும்பும். ஆனால் தக்காளி பூக்கும்போது சாமந்தியும் பூத்திருக்க வேண்டும், எனவே சாமந்தியை இரண்டு வாரம் முன்பே விதையுங்கள். ஆமணக்கு ஒன்று ஓரத்தில் நின்றால் இலை தின்னும் புரொடீனியா புழுவின் தாய் அந்துப்பூச்சி அங்கே கூட்டமாக முட்டையிடும். அந்த இலையை மட்டும் கிள்ளி அழிக்கலாம். பொறிப்பயிரை நட்டுவிட்டுப் பார்க்காமல் விட்டால் அது பூச்சிப் பண்ணையாகிவிடும். ஆமணக்கு விதை கொடிய நஞ்சு, குழந்தைகள் வரும் மாடியில் காய் முற்றும் முன் வெட்டிவிடுங்கள்.

கத்தரி நின்ற தொட்டியில் மறுபடி கத்தரியோ தக்காளியோ மிளகாயோ வைக்காதீர்கள். மண்கலவையில் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். கொழுகொழுவென்று வளரும் இளந்தளிர்தான் அசுவினிக்கு விருந்து.

கோடை விடுமுறைக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். பூச்சிக்கு என்ன ஏற்பாடு?

தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் பூச்சியை மறந்துபோவதுதான் வழக்கம். கிளம்பும் முதல்நாள் பறிக்கக்கூடிய காய் அனைத்தையும், பிஞ்சாக இருந்தாலும், பறித்துவிடுங்கள். வாடிய குருத்துகளை வெட்டுங்கள். மஞ்சளான அடியிலைகளைக் களைந்து, உதிர்ந்த சருகைக் கூட்டுங்கள். மாவுப்பூச்சியோ தேமலோ உள்ள தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள், இலை இலையோடு உரசக் கூடாது. அன்று மாலை ஒருமுறை வேப்பெண்ணெய். தண்ணீர் ஊற்ற வரும் பக்கத்து வீட்டு அக்காவிடம், கத்தரியும் மிளகாயும் உள்ள நான்கைந்து தொட்டிகளை மட்டும் காட்டி, இலையைத் திருப்பிப் பார்ப்பது எப்படி என்று ஒருமுறை செய்து காட்டிவிட்டுப் போங்கள். சந்தேகமாக எதைக் கண்டாலும் நசுக்க வேண்டாம், கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.